இரண்டாவது சபை வந்தால் வன்னிக்கு அதில் இடம் இருக்குமா?

"இந்தியாவில் மக்களவை, மாநிலங்களவை என்று இரண்டு சபை இருக்கிறது. இலங்கையில் ஏன் ஒன்றுதான்? இனி ஒரு இரண்டாவது சபை வந்தால் அதற்கு யார் வாக்களிப்பது, மல்லாவியில் இருக்கிற எனக்கும் வாக்கு உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு கேள்விக்கும் உயர்தரப் புத்தகத்திலேயே பதில் கிடைக்கும். நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது கடைசிக் கேள்வியைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். சனத்தொகை குறைந்த, பரந்து கிடக்கிற எங்கள் வன்னியைப் போன்ற ஒரு பகுதியின் சொல், சட்டம் செய்கிற இடத்தில் எடுபட இரண்டாவது சபை உதவுமா? நான் கிளிநொச்சியில் 26 வருடம் அரசறிவியல் படிப்பித்தேன். பல தேர்தல்களில் வாக்களிப்பு நிலையங்களுக்குப் பொறுப்பாகவும் இருந்திருக்கிறேன். ஆனால் நான் சட்டத்தரணி அல்ல. ஆகவே அரசியல் யாப்பில் உள்ளது எது, என் கணக்கு எது என்று பிரித்தே சொல்கிறேன்.

இரண்டு சபை எதற்கு என்பதை வகுப்பில் நான் எப்போதும் குளத்துக் கூட்டத்தை வைத்துத்தான் தொடங்குவேன். மழை குறைந்த வருடத்தில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ கூட்டம் வைத்து முடிவெடுக்கிறார்கள். அங்கே வந்திருக்கிற கமக்காரர் எல்லாரும் கை உயர்த்தி, கூடிய கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தண்ணீர் என்றால், முந்நூறு குடும்பம் உள்ள வாய்க்கால் ஒவ்வொரு வருடமும் வெல்லும். நாற்பது குடும்பம் உள்ள கடைசி வாய்க்கால் ஒவ்வொரு வருடமும் காயும். சரி, வாய்க்காலுக்கு ஒருவர் என்று வைத்தால் நாற்பது குடும்பத்தின் சொல்லும் முந்நூறு குடும்பத்தின் சொல்லும் ஒரே எடை. அது பெரிய வாய்க்கால்காரருக்கு அநியாயமாகப் படும். இரண்டு கணக்கிலும் நியாயம் உண்டு. தலைக்கணக்குக் கூட்டமும் வாய்க்கால் கூட்டமும் இரண்டுமே ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்று வைப்பதே, கூட்டாட்சி நாடுகளில் இரண்டு சபை வைத்ததன் அடிப்படை. ஐக்கிய அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபையின் 435 பேரும் சனத்தொகைப்படி. செனட்டில் மாநிலத்துக்கு இருவர் என்று 100 பேர். கலிபோர்னியாவுக்கும் இரண்டு, வயோமிங்குக்கும் இரண்டு.

இந்தியாவில் மக்களவையின் 543 பேரையும் தொகுதிக்கு ஒருவராக மக்கள் நேரே தெரிவு செய்கிறார்கள். காலம் 5 வருடம், இடையிலும் கலைக்கலாம். மாநிலங்களவையில் இப்போது 245 இடம். அதில் 233 பேரை மாநிலச் சட்டசபைகளின் தெரிவான உறுப்பினர்கள் தெரிவு செய்கிறார்கள், 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். ஒருவருக்கு 6 வருடம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். அந்தச் சபையைக் கலைக்க முடியாது. மாநிலங்களவை என்ற பெயரைப் பார்த்து எல்லா மாநிலத்துக்கும் சம இடம் என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். அது பிழை. உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1. வாய்க்கால் கூட்டத்துக்குள்ளும் தலைக்கணக்கை ஓரளவு கொண்டுவந்துவிட்டார்கள்.

அதிகாரமும் சமமில்லை. வரி, அரச செலவு பற்றிய பணச் சட்டமூலத்தை மாநிலங்களவை 14 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சாதாரணச் சட்டத்தில் இரண்டு சபையும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம். அங்கே தலை எண்ணிக்கையில் மக்களவையே பெரிது. 1961, 1978, 2002 என்று மூன்று தடவை அப்படிக் கூட்டிச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறார்கள். ஆனால் யாப்பைத் திருத்துவதற்குக் கூட்டுக் கூட்டம் கிடையாது. இரண்டு சபையும் தனித்தனியே சம்மதிக்க வேண்டும். மாநிலங்களவையின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது.

இப்போது எங்கள் கதைக்கு வருவோம். எங்களிடமும் இரண்டு சபை இருந்தது என்று சொன்னால் இன்றைக்குப் பலர் வியப்பார்கள். சோல்பரி யாப்பின்படி 1947இல் வந்த பாராளுமன்றத்தில் பிரதிநிதிகள் சபை, செனற் சபை இரண்டும் இருந்தன. பிரதிநிதிகள் சபைக்கு 101 பேர்: 95 பேர் தெரிவானவர்கள், 6 பேர் நியமனம். செனற் சபைக்கு 30 பேர். அதில் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. மற்ற 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி, பிரித்தானிய முடியின் பிரதிநிதியான மகாதேசாதிபதி நியமித்தார். 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், காலம் 6 வருடம், இந்தியாவைப் போலவே மூன்றில் ஒரு பங்கினர் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஓய்வு. அமைச்சர்களில் குறைந்தது இருவர் செனற்றர்களாக இருக்க வேண்டும், அதில் ஒருவர் நீதி அமைச்சர். சிறிமாவோ பண்டாரநாயக்க 1960 யூலையில் பிரதமரானபோது தொகுதியில் நின்று வென்று வந்தவரல்ல. செனற் சபை வழியாகவே பாராளுமன்றத்துக்குள் வந்தார். தமிழர்களில் எஸ். நடேசன் செனற்றராக இருந்தார். மு. திருச்செல்வம் செனற்றராக இருந்துகொண்டே 1965 முதல் 1968 வரை உள்ளூராட்சி அமைச்சராக இருந்தார்.

பேச்சு வன்மையும் சட்ட அறிவும் உள்ளவர்கள் அங்கே இருந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சபையால் எங்களுக்கு என்ன பாதுகாப்புக் கிடைத்தது? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடம் வென்றிருந்தது. 1952இல் ஒரு இடமும் இல்லை. அந்த மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் பிறகு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். என் வகுப்பில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். இந்தச் சட்டத்தைப் படிப்பிக்கிற நாளில் ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "அப்ப செனற் சபை என்ன செய்தது, சேர்?" என்று கேட்டார். தடுக்கவில்லை என்பதுதான் பதில். 1956இன் அரச கரும மொழிச் சட்டத்தையும் அது தடுக்கவில்லை.

ஏன் தடுக்கவில்லை என்பது தனி மனிதர்களின் குணத்தை வைத்துச் சொல்லக்கூடிய விடயமல்ல. அமைப்பிலேயே காரணம் இருந்தது. நியமன உறுப்பினர் 15 பேர் பிரதமரின் தெரிவு. மற்ற 15 பேரையும் அனுப்புவது பிரதிநிதிகள் சபை. கீழ்ச்சபையில் யாருக்குப் பெரும்பான்மையோ அவர்களே காலப்போக்கில் மேல்ச்சபையிலும் பெரும்பங்கை நிரப்ப வழி இருந்தது. தெரிவு தனிமாற்று வாக்கு முறையில் நடந்தது. அதை இங்கே விளக்கிவிடுகிறேன், பிறகும் தேவைப்படும். வாக்காளர் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப ஒழுங்கு போடுவார். வெல்லத் தேவையான அளவை, மொத்த வாக்கை இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வகுத்து, வருகிற முழு எண்ணோடு ஒன்றைச் சேர்த்துக் கணிப்பார்கள். அந்த அளவைத் தாண்டியவரின் மேலதிக வாக்கும், கடைசியில் நின்று நீக்கப்பட்டவரின் வாக்கும் அடுத்த விருப்பத்துக்கு மாறும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை 5 இடம் காலியாகும்போது, 101 பேரும் வாக்களித்தால் ஒருவரை அனுப்ப 17 பேர் வேண்டும். 1947இல் வடமாகாணம் முழுவதுக்கும் இருந்த தொகுதிகள் 9. அந்த 9 பேரும் கட்சி பேதம் விட்டு ஒன்றாக நின்றாலும் வெளியாரின் கைகொடுப்பு இல்லாமல் ஒருவரைக்கூட அனுப்ப முடியாது. இது என் கணக்கு, ஆனால் வெறும் பிரித்தல் கணக்குத்தான், நீங்களே செய்து பார்க்கலாம். அதோடு செனற் சபை பணச் சட்டமூலத்தை ஒரு மாதத்துக்கு மேல் மறிக்க முடியாது. மற்றச் சட்டமூலத்தைப் பிரதிநிதிகள் சபை அடுத்தடுத்த இரண்டு கூட்டத்தொடரில் நிறைவேற்றினால் அதுவும் செனற்றைத் தாண்டிப் போய்விடும். 1971 ஒக்டோபர் 2ஆம் திகதி அந்தச் சபை ஒழிக்கப்பட்டது. 1972இன் குடியரசு யாப்பு ஒரே ஒரு தேசிய அரசுப் பேரவையை அமைத்தது, 1978இன் யாப்பும் ஒற்றைச் சபையையே தொடர்ந்தது.

அந்தக் காலத்தில் வன்னிக்கு உதவியது செனற் சபையல்ல, கீழ்ச்சபைத் தொகுதிகளைப் பிரித்த முறை. 75,000 பேருக்கு ஒரு இடம் என்பதோடு, 1,000 சதுர மைலுக்கு ஒரு மேலதிக இடம் என்றும் சோல்பரி யாப்பில் இருந்தது. ஆளில்லாத காட்டுக்கும் ஒரு கணக்கு! 1947இல் மன்னாரும் வவுனியாவும் தனித் தொகுதிகள். 1960இல் கிளிநொச்சி வந்தது, 1977இல் முல்லைத்தீவு. ஆக 1977 தேர்தலில் வன்னியின் நான்கு பகுதிக்கும் ஆளுக்கொரு உறுப்பினர் இருந்தார், எங்கள் ஆள் இவர் என்று கைகாட்டலாம். மாவட்டம் முழுவதுக்கும் கட்சிகள் பெற்ற வாக்கின்படி இடம் பிரிக்கிற விகிதாசார முறை வந்தபின் அந்த நேரடிப் பிணைப்புத் தளர்ந்தது. அதை ஒரு இழப்பாகவே நான் பார்க்கிறேன், இதில் எனக்கு மாற்றுக் கருத்துடைய நண்பர்களும் உண்டு. விகிதாசாரத்தால் சிறு கட்சிகளுக்குக் கிடைத்த இடம் பெரிது என்பார்கள். அதுவும் உண்மைதான்.

இன்றைய பாராளுமன்றம் 225 பேர். 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களில் இருந்து, 29 பேர் தேசியப்பட்டியலில் இருந்து. அந்த 196இல் 36 இடம் மாகாணத்துக்கு 4 என்று சமமாகப் பிரிக்கப்பட்டது, மிச்சம் 160 இடம் பதிவு செய்த வாக்காளர் தொகைப்படி. பழைய சதுர மைல் கணக்கின் ஒரு சாயல் அந்த நாலில் இன்னும் இருக்கிறது. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது, 6 உறுப்பினர். வன்னி மண்ணின் நடுவில் இருந்தாலும் கிளிநொச்சி இதில் இல்லை. அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு போகிறது. நான் பொறுப்பாக இருந்த ஒரு வாக்களிப்பு நிலையத்தில், வாக்களித்துவிட்டு விரலில் மை காயமுதல் ஒரு அம்மா என்னிடம், "தம்பி, நான் போட்ட புள்ளடி எங்கட ஊருக்குத்தானே போகும்?" என்று கேட்டார். கடமையில் இருக்கிறவன் அதிகம் பேசக்கூடாது. "மாவட்டத்துக்குப் போகும் அம்மா" என்று மட்டும் சொன்னேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அந்த அம்மாதான்.

சரி, இனி ஒரு இரண்டாவது சபை வந்தால்? எழுத்தில் இருக்கிற முன்மொழிவுகளில் தெளிவானது, புதிய யாப்பை வரையப் பாராளுமன்றம் அமைத்த அரசியலமைப்புப் பேரவையின் வழிப்படுத்தும் குழு 2017 செப்ரெம்பரில் வைத்த இடைக்கால அறிக்கை. அதில் இரண்டாவது சபைக்கு 55 பேர். மாகாண சபை ஒவ்வொன்றும் தன் உறுப்பினர்களில் 5 பேரைத் தனிமாற்று வாக்கால் தெரிவு செய்து அனுப்பும், ஒன்பது மாகாணத்துக்கும் 45. மிச்சம் 10 பேரைப் பாராளுமன்றம் தெரிவு செய்யும். சாதாரணச் சட்டமூலத்தை அந்தச் சபை மீளப் பரிசீலிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பலாம், மறிக்க முடியாது. யாப்புத் திருத்தத்துக்கு மட்டும் இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். அந்த முயற்சி முன்னே போகவில்லை. ஆகவே இது சட்டமல்ல, ஒரு வரைவுதான். இனி வருவது இதே வடிவில் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இந்த வரைவின்படி உங்கள் நேர்க் கேள்விக்குப் பதில்: இல்லை, மல்லாவியில் இருந்து நீங்கள் நேரே வாக்களிக்க மாட்டீர்கள். உங்கள் வாக்கு மாகாண சபைக்கு, அங்கே வென்றவரின் வாக்கு இரண்டாவது சபைக்கு. மாகாணத்துக்கு 5 என்பது வடக்குக்கு நல்ல கணக்கு. 2012 குடிசன மதிப்பீட்டில் வடக்கில் சுமார் 10 இலட்சத்து 60 ஆயிரம் பேர், மேல் மாகாணத்தில் சுமார் 58 இலட்சம் பேர். இரண்டுக்கும் ஐந்தே இடம். வாய்க்காலுக்கு ஒருவர் என்றேனே, அந்தக் கணக்கு இது. ஆனால் வடக்கு வேறு, வன்னி வேறு. 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபையில் 38 உறுப்பினர்: யாழ்ப்பாணம் 16, வவுனியா 6, முல்லைத்தீவு 5, மன்னார் 5, கிளிநொச்சி 4, கூடிய வாக்குப் பெற்ற கட்சிக்குப் போனஸ் 2. 38 பேர் 5 பேரைத் தெரிவு செய்ய, முன்னே சொன்ன சூத்திரப்படி ஒருவருக்கு 7 வாக்கு வேண்டும். முல்லைத்தீவின் ஐந்து பேரால் தனியே ஒருவரை அனுப்ப முடியாது. வவுனியாவின் ஆறு பேராலும் முடியாது. நான்கு மாவட்டத்து 20 பேரும் சேர்ந்தால் இருவரை உறுதியாக அனுப்பலாம், மூன்றாமவருக்கு ஒரு வாக்குத்தான் குறையும். சேருவார்களா என்பது வேறு கதை. உறுப்பினர்கள் பெரும்பாலும் மாவட்டம் பார்த்து வாக்களிப்பதில்லை, கட்சி பார்த்தே வாக்களிப்பார்கள். ஐந்து பேரும் ஒரே கட்சித் தலைமைப் பீடத்தில் தீர்மானிக்கப்பட்டால் வன்னிக்கு ஒருவரும் இல்லாமல் போகவும் வழி இருக்கிறது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 55 பேரில் மூன்றில் இரண்டு என்றால் 37. ஒரு யாப்புத் திருத்தத்தை மறிக்க 19 பேர் வேண்டும். வடக்கும் கிழக்கும் சேர்ந்தாலும் 10 பேர்தான், அதுவும் கிழக்கின் ஐந்து பேரும் ஒரே மனதாக நின்றால். மிச்சம் ஒன்பது பேரை மலையகத்தில், தெற்கில் தேட வேண்டும். அது முடியாத காரியமல்ல. மாகாண சபைகளின் அதிகாரத்தை வெட்டுகிற திருத்தம் வந்தால் காலியும் குருநாகலும்கூட எதிர்க்கக் காரணம் இருக்கிறது. தனியே மறிக்கிற பலத்தை இந்தச் சபை எங்களுக்குத் தராது, மற்ற மாகாணங்களோடு கூட்டுச் சேர ஒரு மேடையைத் தரும். இது என் மதிப்பீடு.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. இந்த முறை முழுவதும் மாகாண சபை என்ற அணைக்கட்டில் நிற்கிறது. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறையும் போய், புதிய முறையும் நடைமுறைக்கு வராமல், தேர்தல் நடக்காமலே வருடங்கள் ஓடிவிட்டன. உடைந்த கட்டுக்கு வாய்க்கால் வெட்டி என்ன செய்வது? முதலில் மாகாண சபைத் தேர்தல் நடக்க வேண்டும்.

வேறு வழி இருக்கிறதா என்றால், நேபாளத்தைப் பாருங்கள் என்பேன். 2015 யாப்பின்படி அங்கே தேசிய சபையில் 59 பேர். ஏழு மாகாணத்துக்கும் தலா 8 பேர் என்று 56, நியமனம் 3. மாகாண சபை உறுப்பினர்களோடு நகராட்சிகளின், கிராமிய ஆட்சிமன்றங்களின் தலைவர், உபதலைவர்களும் சேர்ந்து வாக்களிக்கிறார்கள். எட்டுப் பேரில் மூவராவது பெண்கள், ஒருவர் தலித், ஒருவர் மாற்றுத்திறனாளி அல்லது சிறுபான்மையினர். பிரான்சிலும் 348 செனற்றர்களைத் தெரிவு செய்வதில் உள்ளூர் மன்றங்களின் பிரதிநிதிகளே பெருந்தொகை. இங்கே அப்படி வந்தால் துணுக்காய், மாந்தை கிழக்கு, வெண்கலச்செட்டிகுளம் பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் ஒரு வாக்கு இருக்கும். அவர்களை உங்களுக்கு முகம் தெரியும், வீட்டுப் படலையில் போய்க் கேட்கலாம். எங்களுக்கு இந்த முறைதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். 2017 வரைவில் இது இல்லை. இனி யாப்பு பற்றி மக்கள் கருத்துக் கேட்க வந்தால், வன்னியில் இருந்து எழுதிக் கொடுக்கத்தக்க ஒரு வரி இது.

அதுவரை உங்கள் கையில் இருப்பது இன்றைய ஒற்றைச் சபைக்கான வாக்கு. அந்த 160 இடமும் வாக்காளர் இடாப்பை வைத்தே பிரிக்கப்படுகிறது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 இடம் இருந்தது, 2015இல் 7, 2024இல் 6. ஆட்கள் இடம்பெயர்ந்ததும் பதியாமல் விட்டதும் அப்படித்தான் இடமாகக் குறைந்தது. வன்னியின் ஆறும் அதே இடாப்பில்தான் நிற்கிறது. உங்கள் வீட்டில் 18 வயது நிரம்பியவர்களின் பெயர் எல்லாம் இருக்கிறதா என்று இந்த வருடப் பதிவு நடக்கும்போது கிராம அலுவலரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். கொழும்பில் வேலைக்குப் போய் அங்கேயே பதிந்துகொண்ட பிள்ளையின் பெயர் கொழும்பின் கணக்கில்தான் சேரும்.